எடை மெஷின் காட்டாத கணக்கு: 800 கலோரி டயட்டில் தசை எங்கே போகிறது

ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு கிலோ தசை கரைய சுமார் 1,800 கலோரி பற்றாக்குறையே போதும், ஏனென்றால் தசையில் முக்கால் பங்கு தண்ணீர். ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழுப்பைக் கரைக்கும் டயட்டைவிட தசையைக் கரைக்கும் டயட் எடை மெஷினில் வேகமாக வேலை செய்வதுபோலத் தெரியும். பத்து நாளில் ஐந்து கிலோ குறைந்தது என்று வாட்ஸப்பில் வரும் செய்திகளை இந்தக் கணக்கோடு படிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 45 வயதுப் பெண், உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. வீட்டு வேலை, ஆபீஸ் எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 1,800 கலோரி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 கலோரி சாப்பிட்டால் பற்றாக்குறை 1,000. வாரத்துக்கு 7,000. முழுவதும் கொழுப்பிலிருந்தே போனால்கூட வாரத்துக்கு 900 கிராம்தான் குறைய முடியும். முதல் வாரம் மெஷின் மூன்று கிலோ குறைத்துக் காட்டினால் மீதி இரண்டு கிலோ எது? பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேர்த்து வைத்திருக்கும் குளுக்கோஸ், இருக்கிறது. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பை வெளியேற்றும், அதன் பின்னாலேயே இன்னும் கொஞ்சம் தண்ணீர் போகும். இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம், சாப்பிட்டால் திரும்ப வந்துவிடும். இரண்டாம் வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒன்றரை, இரண்டு கிலோ என்று போய்க்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அந்த வேகத்தைக் கொழுப்பு மட்டும் தர முடியாது.

800 கலோரி, அதற்கும் கீழே என்பதை மருத்துவத்தில் மிகக் குறைந்த கலோரி உணவு என்று தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். அந்த முறையே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் 825 முதல் 853 கலோரி வரை, முழுக்க ஃபார்முலா உணவாகவே கொடுத்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டு கழித்து அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் அந்த ஃபார்முலாவில் புரதம், வைட்டமின், தாது உப்பு எல்லாம் அளந்து போடப்பட்டிருந்தது, மாத்திரைகளைக் குறைக்க மருத்துவர் இருந்தார். சென்னையில் நடப்பது பெரும்பாலும் அதுவல்ல. பூங்கா வாசலில் வாழைத்தண்டு ஜூஸ், காலையில் வெள்ளைப்பூசணிச் சாறு, மதியம் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி இரண்டு கீற்று பப்பாளி. கலோரி 500, 600தான் வரும். புரதம் 15 கிராம்கூடத் தேறாது. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று பெண்ணும் மாப்பிள்ளையும் தொடங்குவது இதைத்தான்.

புரதம் வராதபோது உடம்பு என்ன செய்யும்? மூளைக்கு ஒரு நாளுக்கு 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜன் ஒன்றிரண்டு நாளில் தீர்ந்துவிடும். கொழுப்பிலிருந்து குளுக்கோஸ் மிகக் கொஞ்சம்தான் செய்ய முடியும். அதனால் கல்லீரல் தசைப் புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களை வாங்கி குளுக்கோஸாக மாற்றும். முழுப் பட்டினியின் முதல் நாட்களில் ஒரு நாளுக்குச் சுமார் 75 கிராம் புரதம் இப்படிப் போகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் காஹில் 1960களில் அளந்து காட்டினார். ஈரத் திசுவாகக் கணக்கிட்டால் 350 கிராமுக்கு மேல். வாரங்கள் போகப் போக மூளை கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் கீட்டோன் என்ற எரிபொருளுக்குப் பழகிக்கொள்ளும், இழப்பு நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கும். ஜூஸில் இருக்கும் சர்க்கரை இந்த இழப்பைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. உடம்பில் உபரிப் புரதத்துக்கென்று தனிக் கிடங்கு கிடையாது; இருப்பதெல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும் தசையும் உறுப்புகளும்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், நாம் ஆரம்பிப்பதே குறைந்த தசையோடு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் எண்) 22.3. யுட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை, உயரக் கணக்கு ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு வேறு. பெரிய உடம்பு இல்லாமல் தொப்பை மட்டும் இருப்பவர், கை கால் குச்சியாக இருப்பவர் இந்த டயட்டில் இறங்கினால் குறையும் எடையில் தசையின் பங்கு கூடும். கொழுப்புக் கையிருப்பு அதிகமாக இருப்பவருக்குத் தசை இழப்பு விகிதம் குறைவு. அதனால் பிஎம்ஐ 25, 26 இருக்கும்போது 800 கலோரிக்குப் போவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அவர்களுக்கு 1,300, 1,400 கலோரியில் மெதுவாகப் போவதே சரி.

ஜிம்மில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்தையும் இங்கே திருத்திவிடுகிறேன். தசை குறைந்தால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்பார்கள். ஓய்வில் ஒரு கிலோ தசை ஒரு நாளுக்கு எரிப்பது சுமார் 13 கலோரி. மூன்று கிலோ தசை போனாலும் 40 கலோரிதான் வித்தியாசம், அரை இட்டிலிக்குச் சற்று மேலே. உண்மையான நஷ்டம் வேறு இடத்தில். இன்சுலின் வேலை செய்யும்போது ரத்தத்திலிருந்து வெளியேறும் குளுக்கோஸில் பெரும்பங்கு போய்ச் சேருவது தசைக்கு. மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐசிஎம்ஆரும் 2023இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள். சர்க்கரையைக் குறைக்க என்று டயட் எடுத்து, சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் திசுவையே குறைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது. ஐம்பது வயதுக்கு மேல் போன தசையைத் திரும்பக் கட்டுவது கடினம் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு புரதம், எதிலிருந்து

தசையைக் காப்பாற்றும் குறை உணவு முறையை 1970களில் அமெரிக்க மருத்துவர்கள் ஜார்ஜ் பிளாக்பர்னும் புரூஸ் பிஸ்ட்ரியனும் வகுத்தார்கள். இப்போதைய எடைக்குக் கணக்குப் போடாமல், இருக்க வேண்டிய எடைக்கு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். மேலே சொன்ன பெண்ணுக்கு பிஎம்ஐ 23 என்று வைத்தால் இருக்க வேண்டிய எடை 57 கிலோ. 68 முதல் 86 கிராம் வரும். 75 கிராமை அடி எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய யூனியன் இத்தகைய முழு மாற்று உணவுகளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவும் அதுதான். சாதாரண நாட்களுக்கு இந்தியப் பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம். அது போதுமான கலோரி சாப்பிடுபவருக்கு. கலோரி குறையக் குறைய புரதத் தேவை ஏறும், ஏனென்றால் சாப்பிடும் புரதத்தில் ஒரு பகுதியையும் உடம்பு எரிபொருளாகப் போட்டுவிடும்.

இங்கேதான் சைவச் சமையல் இடிக்கிறது. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், 340 கலோரி. 75 கிராம் புரதத்தைப் பருப்பிலிருந்தே எடுக்க 340 கிராம் பருப்பு வேண்டும், கலோரி 1,150ஐத் தாண்டிவிடும். இரண்டு இட்டிலியில் 4 கிராம். ஒரு கிண்ணம் சாம்பாரில் ஐந்து கிராம் இருந்தால் அதிகம். பேலியோ குழுக்களில் புகழ்பெற்ற நூறு பாதாம் சுமார் 700 கலோரி, புரதம் 25 கிராம்தான்; வேறு முறைக்கு அது பொருந்தலாம், 800 கலோரிக்காரருக்கு அதிலேயே நாள் முடிந்துவிடும். பனீரிலும் 18 கிராம் புரதத்தோடு 20 கிராமுக்கு மேல் கொழுப்பு வரும்.

சைவத்தில் கணக்கை நேர்செய்வது இரண்டு பொருள்கள்: மீல்மேக்கரும், பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரோட்டீன் பவுடரும். 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் 26 கிராம் புரதம், 170 கலோரி. வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்து அந்த வாடைத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு மிளகு, சீரகம், பூண்டு போட்டுப் புரட்டினால் குழம்புக்குள் போடுவதைவிட நன்றாக இருக்கும். வே ஒரு ஸ்கூப் 24 கிராம், 120 கலோரி. இவற்றோடு ஆவின் நீலப் பாக்கெட் பால் 200 மில்லி, தயிர் 200 கிராம், பருப்பு 30 கிராம், காய்கறி, கீரை 300 கிராம், எண்ணெய் இரண்டு டீஸ்பூன் சேர்த்தால் புரதம் 74 கிராம், கலோரி 800ஐ ஒட்டி நிற்கும். சோறு இல்லை, இட்டிலி இல்லை. இதைத் தொடங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அசைவத்தில் இது சுலபம். காலையில் ஒரு முழு முட்டை, மூன்று வெள்ளைக்கரு, சர்க்கரை இல்லாத காபி: 20 கிராம். மதியம் 150 கிராம் சங்கரா மீன், கீரைப் பொரியல், ஒரு கைப்பிடிச் சோறு: 30 கிராமை ஒட்டி. ராத்திரி 100 கிராம் தோல் நீக்கிய சிக்கன் நெஞ்சுக்கறி, காய், 100 கிராம் தயிர்: 27 கிராம். மொத்தம் 77, கலோரி 800. மீனைப் பொரித்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். தவாவில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வாட்டுங்கள், அல்லது தேங்காய் அரைக்காத புளிக்குழம்பு வையுங்கள். எடைகள் எல்லாம் சமைக்கும் முன் இருக்கும் பச்சை எடை. கடையில் நிறுத்த எடை வேறு, சுத்தம் செய்து வெட்டிய பின் வரும் எடை வேறு. காசிமேட்டிலோ தெருமுனையிலோ கிலோ மீன் வாங்கினால் தலை, குடல், செதில் போக 600, 650 கிராம்தான் கைக்கு வரும். முள்ளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தப் புரதத்தையும் ஒரே வேளையில் போடாமல் மூன்றாகப் பிரித்து, வேளைக்கு 25 கிராம் வருமாறு பார்ப்பது நல்லது. தசை கட்டும் வேலையைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் ஒரு வேளையில் 2.5 கிராம் அளவுக்கு வந்தால்தான் வயதானவர்களின் தசை அசைந்து கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 1970களின் கடைசியில் அமெரிக்காவில் திரவப் புரதம் என்ற பெயரில் ஒன்று ஓடியது. மாட்டுத் தோல், எலும்பிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம்தான் அது. நாளுக்கு 300, 400 கலோரி. அதையே மாதக்கணக்கில் குடித்தவர்களில் சுமார் 60 பேர் இறந்தார்கள், பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி. கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இல்லவே இல்லை; பொட்டாசியம் உள்ளிட்ட தாது உப்புகளும் போதவில்லை. இதயமும் தசைதான், அதுவும் மெலியும். சருமத்துக்கு என்று இன்று பாக்கெட்டில் விற்கும் கொலாஜன் பவுடரைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

சுமை

புரதம் பாதி வேலைதான் செய்யும். இந்தத் தசை தேவைப்படுகிறது என்ற செய்தி உடம்புக்குப் போக வேண்டும். அதை அனுப்புவது எடை தூக்கும் பயிற்சி. 1999இல் வெளிவந்த பிரைனர் குழுவின் ஆய்வில் 20 பேர் 12 வாரம் 800 கலோரி திரவ உணவு எடுத்தார்கள். நடை, சைக்கிள் என்று செய்த பாதிப் பேர் நான்கு கிலோ அளவுக்குக் கொழுப்பல்லாத எடையை இழந்தார்கள். வாரம் மூன்று நாள் எடை தூக்கியவர்களுக்கு அது குறையவில்லை. சின்ன ஆய்வு. பிற ஆய்வுகள் எல்லாமும் இவ்வளவு நல்ல முடிவைத் தரவும் இல்லை. ஆனாலும் திசை தெளிவு. பெசன்ட் நகர் கடற்கரையில் தினம் ஒன்றரை மணி நேரம் நடப்பது இதயத்துக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது. 800 கலோரியில் தசையைப் பிடித்து வைக்க அது போதாது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. வாரம் மூன்று நாள், முப்பது நிமிடம், ஐந்து அசைவுகள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து தண்டால். ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டைக் கட்டித் தன்னை நோக்கி இழுப்பது. இடுப்பை மடித்துத் தரையிலிருந்து சுமை எடுப்பது. குதிகால் உயர்த்துவது. ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிடம் முழுசாக உட்காருங்கள். சுமைக்கு வீட்டு வாசலில் இருக்கும் 20 லிட்டர் வாட்டர் கேன் நினைவுக்கு வரும். பாதி நிரம்பிய கேன் பத்து கிலோ என்றாலும் உள்ளே தண்ணீர் அலைந்து முதுகை ஒரு பக்கம் இழுக்கும். அதற்குப் பதில் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை ஒரு பேக்பேக்கில் போட்டு இறுக்கிக் கட்டினால் சுமை அசையாது.

நடுவில் களைப்பு வரும். அப்போது எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. எடையை அப்படியே வைத்து, சுற்றை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறையுங்கள். தசைக்கு வேண்டிய செய்தி பளுவில் இருக்கிறது.

தசை போகிறதா என்று எப்படித் தெரியும்? வீட்டு ஸ்மார்ட் எடை மெஷின் காட்டும் தசை சதவீதத்தை வாரா வாரம் நம்ப வேண்டாம். அது காலில் மின்சாரம் அனுப்பி நீரின் அளவை வைத்துக் கணிக்கிறது, இந்த டயட்டில் முதலில் மாறுவதே நீர்தான். எக்ஸ்ரே வைத்து அளக்கும் டெக்சா ஸ்கேன் நம்பகமானது. ஸ்கேன் சென்டரில் கேட்கும்போது எலும்புக்கு மட்டுமா, முழு உடல் கொழுப்பு, தசை அளவும் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. கைப்பிடி இல்லாத, 45 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். ஆசிய சார்கோபீனியா (வயதில் வரும் தசை இழப்பு) குழுவின் 2019 வரையறைப்படி 12 விநாடி, அதற்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். தொடங்கும் நாளில் ஒரு முறை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்துக் குறித்து வைத்தால் உங்கள் எண்ணே உங்களுக்கு அளவுகோல். எடை குறையும்போது இந்த நேரம் குறைய வேண்டும், எழும்போது தூக்க வேண்டிய உடம்பின் கனம் குறைந்துவிட்டதே. எடையும் குறைந்து நேரமும் கூடினால் டயட்டை நிறுத்திக் கலோரியை ஏற்றுங்கள். பிசியோதெரபி சென்டர்களில் கைப்பிடி வலுவையும் பார்க்கலாம்: ஆணுக்கு 28 கிலோ, பெண்ணுக்கு 18 கிலோவுக்குக் கீழே இருக்கக் கூடாது.

சென்னை வெயிலில் இன்னொரு சிக்கல். உப்பும் தண்ணீரும் சிறுநீரில் ஒரு பக்கம், வியர்வையில் ஒரு பக்கம் போகும். கத்திரி வெயில் நாட்களில் எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டும். உப்பு போட்ட நீர்மோர், பருப்பில்லா ரசம் இரண்டு டம்ளர் பெரும்பாலும் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தாங்களே சரிசெய்யப் பார்க்காமல் டாக்டரிடம் அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்கு முதல் நாளே சர்க்கரை தாழ்நிலைக்குப் போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும். கொழுப்பே இல்லாத டயட்டில் பித்தப்பை சுருங்காமல் தேங்கி நிற்பது இதற்கு ஒரு காரணம். அந்த இரண்டு டீஸ்பூன் எண்ணெயை வெட்டிவிடாதீர்கள்.

டயட் முடிந்த பிறகுதான் பாதி நஷ்டம் நடக்கிறது. 1944, 45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு போனது. மறுபடி உணவு கொடுத்தபோது கொழுப்பு முந்திக்கொண்டு வந்தது, தசை பின்தங்கியது. இரண்டு மூன்று முறை கிராஷ் டயட் எடுத்து விட்டவர்கள் அதே 78 கிலோவில் நின்றாலும் உள்ளே தசை குறைந்து கொழுப்பு கூடியிருக்க வாய்ப்பு உண்டு. அதனால் முடிக்கும் கட்டத்தை ஆறிலிருந்து எட்டு வாரமாக நீட்டுங்கள். ஒரு நாள் அளவை வாரத்துக்கு 150 கலோரி வீதம் ஏற்றுங்கள். முதலில் ஏற வேண்டியது பருப்பு, முட்டை, மீன், தயிர். பிறகு ஒரு வேளைக்கு ஒரு கரண்டி சோறு, அடுத்து காலையில் இரண்டு இட்டிலி. புரதம் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து இறங்கக் கூடாது. சாப்பாடு ஏறும் இந்த வாரங்களில்தான் பேக்பேக்கில் மூன்றாவது அரிசிப் பையைப் போட முடியும். போட வேண்டியதும் இப்போதுதான்.